பல இனத்தாரோடு பழகும் முறை: வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு பாடம்



சரக்கை எப்படி அடுக்குவது, சிட்டை எப்படி எழுதுவது, பழைய பாக்கியை எப்படி வசூலிப்பது என்றெல்லாம் கடைக்கு வரும் புதுப் பையனுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்கும் மனிதர் யார், அவரை எப்படி அழைக்க வேண்டும், எதைச் செய்தால் அவர் மனம் நோகும் என்பதை நம்மில் எத்தனை பேர் சொல்லிக்கொடுக்கிறோம்? ஊரிலிருந்து நேற்று வந்து இறங்கிய பையன் இன்று காலை கடையில் நிற்கிறான். அவன் சீனரோடு பேசியதில்லை. மலாய் ஒரு சொல்லும் அறியான். சீக்கியரைப் படத்தில்தான் கண்டிருப்பான். அவன் தெரியாமல் செய்யும் ஒரு சிறு காரியத்தால் ஒரு வாடிக்கை போகலாம். அதோடு நிற்பதில்லை. "அந்தக் கடைக்காரர்கள் மரியாதை தெரியாதவர்கள்" என்று நமது கூட்டத்துக்கே பெயர் வந்துவிடும். ஆகவேதான் இம்முறை இப்பாடத்தை எடுத்துக்கொண்டோம்.

நாம் நிற்கும் இடம்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெருவை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லை. அப்பள்ளி 1801இல் தொடங்கப்பட்டது. அதே தெருவில் கான்டன் மக்களும் ஹொக்கியன் மக்களும் சேர்ந்து எழுப்பிய குவான் யின் கோயில் இருக்கிறது. தெருமுனையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அடுத்த தெருவில் மகா மாரியம்மன் கோவில். சிங்கப்பூரிலும் இப்படித்தான். சீனர் மிகுந்த சவுத் பிரிட்ஜ் சாலையில், 1826இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், 1827இல் தோன்றிய மாரியம்மன் கோவிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பள்ளியை வைத்து ஒரு தெருவுக்கு மாஸ்க் ஸ்திரீட் என்றும், கோவில் கோபுரத்தை வைத்து அடுத்த தெருவுக்குப் பகோடா ஸ்திரீட் என்றும் பெயர் வந்தது.

நமது முன்னோர் பிழைக்க வந்த இடம் இது. அவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் மலாய் பேசக் கற்றார்கள். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து காலங்காலமாக வந்துபோன வியாபாரிகளின் வாய்வழியே நமது சொற்களும் மலாயில் ஏறின. கடை என்பது கெடாய் ஆயிற்று. பெட்டி பெத்தி ஆயிற்று. கட்டில் காத்தில் ஆயிற்று. முதல் என்பது மோடால் ஆயிற்று. பழகாமல் ஒரு சொல்லும் இடம் மாறாது. இருநூறு ஆண்டு பக்கத்தில் வாழ்ந்துவிட்டோம். ஆனால் பக்கத்தில் இருப்பது வேறு, அறிந்திருப்பது வேறு. ஒரு சீன வாடிக்கைக்காரர் எந்த அரிசி வாங்குவார், எத்தனை நாளில் பாக்கி தீர்ப்பார் என்று நமக்குத் தெரியும். அவர் வீட்டுத் துக்கத்துக்கு எந்த நிற உறையில் பணம் வைப்பது என்று கேட்டால் விழிக்கிறோம்.

முதலில் நம்மையே எடுத்துக்கொள்வோம்

பிறரை அறியும் பாடத்தை நம்மிடமிருந்தே தொடங்குவது நல்லது. நம்மைப் பிறர் எப்படி அறிந்திருக்கிறார்கள்?

தமிழ் பேசினால் "நீங்கள் இந்துவா?" என்கிறார்கள். முஸ்லிம் என்றால் "அப்படியானால் மலாய்க்காரரா?" என்கிறார்கள். கிளிங் என்ற சொல்லைப் பாருங்கள். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல் அது. ஒரு காலத்தில் அந்தக் கரையிலிருந்து வந்தவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. கப்பித்தான் கிளிங் என்பது ஒரு பதவியின் பெயராகவே இருந்தது. இன்று அதே சொல்லை ஒருவர் நம் முகத்துக்கு நேரே சொன்னால் நமக்கு இரத்தம் கொதிக்கிறது. மாமாக் என்பதும் அப்படியே. நமது மாமா என்ற மரியாதைச் சொல்லிலிருந்து வந்தது. சிலர் அதைச் சிரித்த முகத்தோடு ஏற்கிறார்கள். சிலருக்கு அது குத்துகிறது. சொல் மாறவில்லை. சொல்கிறவர் குரலும், காலமும், கேட்கிறவர் மனமும் மாறியிருக்கின்றன.

நமக்குள்ளேயே எத்தனை வழக்கு! ஒரு வீட்டில் தகப்பனாரை வாப்பா என்கிறோம், ஒரு வீட்டில் அத்தா என்கிறோம். காயல்பட்டினத்துக்காரர் அண்ணனைக் காக்கா என்பார். மற்றத் தமிழருக்கு அது பறவையின் பெயர். மலாய்க்காரருக்குக் காக்கா என்றால் அக்காள். ஒரே சொல் மூன்று வாசலில் மூன்று பொருள் தருகிறது. நமக்குள் ஷாஃபியும் உண்டு, ஹனஃபியும் உண்டு. இப்படியிருக்க, நம்மை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி மேலே ஒரு பெயரை எழுதினால் நமக்கு வலிக்கிறதல்லவா?

அந்த வலியையே அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். சீனர் என்று நாம் சொல்லும் ஒரு சொல்லுக்குள் ஹொக்கியன், தியோச்சு, கான்டனியர், ஹக்கா, ஹைனானியர் என்று பல மொழி பேசும் மக்கள் இருக்கிறார்கள். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியரை நம்மவர் பலர் இன்னும் வங்காளி என்கிறார்கள். பழைய நாளில் கல்கத்தா வழியாகக் கப்பலேறி வந்ததால் வந்த பெயர் என்பார்கள். சீக்கியர் வங்காளி அல்லர். இப்போது வங்காள தேசத்திலிருந்து மெய்யான வங்காளிகளே வேலைக்கு வந்திருக்கிறார்கள். இருவரையும் ஒரே பெயரால் அழைத்தால் இருவரையும் அறியாதவர்கள் ஆகிறோம்.

பெயரும் அழைக்கும் முறையும்

மலாய்ப் பெயரில் முதலில் வருவதே அவருடைய பெயர். பின் என்பதற்குப் பிறகு வருவது தகப்பனார் பெயர். ஆகவே அஹ்மத் பின் இஸ்மாயில் என்பவர் என்சிக் அஹ்மத் ஆவார். என்சிக் இஸ்மாயில் என்றால் அவருடைய தகப்பனாரை அழைத்ததாகிவிடும். இது நமக்கு எளிது. நாமும் தகப்பனார் பெயரைத் தாங்குகிறவர்கள்தாம். ஹஜ்ஜு செய்த பெரியவரைத் துவான் ஹாஜி என்று அழைத்தால் அவர் முகம் மலரும். வயதானவரைப் பக்சிக் என்றும் மக்சிக் என்றும் அழைக்கலாம்.

சீனப் பெயரில் முதலில் வருவது குடும்பப் பெயர். டான் என்று தொடங்கினால் அவர் திரு. டான். கடைசிச் சொல்லைப் பிடித்து அழைப்பது தவறு. சீனப் பெண்கள் மணமான பிறகும் தகப்பன் வீட்டுக் குடும்பப் பெயரையே வைத்திருப்பது வழக்கம். ஆகவே கணவன் பெயரும் மனைவி பெயரும் வேறாக இருப்பதைக் கண்டு கடன் சிட்டையில் சந்தேகம் கொள்ள வேண்டியதில்லை. இன்னொன்று: ஹொக்கியன் மக்கள் டான் என்று சொல்வதும், கான்டனியர் சான் என்று சொல்வதும், மாண்டரின் மொழியில் சென் என்று சொல்வதும் ஒரே எழுத்துத்தான். அப்படியே லிம், லாம், லின் மூன்றும் ஒன்று.

மலாய் பேசும்போது ஒரு கவனம் வேண்டும். கடைத்தெரு மலாயில் லூ, குவா என்று நீ, நான் என்பதற்குச் சொல்கிறோமே, அவை ஹொக்கியன் சொற்கள். பழைய சீனத் தவுக்கேயோடு அப்படிப் பேசினால் அவருக்கு அது சகஜம். அதே லூ என்பதை ஒரு மலாய்ப் பெரியவரிடம் சொன்னால் அது முரட்டுப் பேச்சு. நமது பையன்கள் மலாய் கற்பதே இந்தக் கடைத்தெரு மலாயிலிருந்துதான் என்பதால் இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கையும் காலும் தலையும்

வலக் கையால் கொடுப்பதும் வாங்குவதும் நமக்கும் மலாய்க்காரருக்கும் இந்துக்களுக்கும் பொது. சீனப் பெரியவர்கள் மரியாதைக்கு இரு கையாலும் கொடுப்பார்கள், இரு கையாலும் வாங்குவார்கள். அவர்கள் இரு கையால் நீட்டுவதை நாம் ஒரு கையால் பறித்தாற்போல் வாங்குவது அழகன்று. அதேபோல, ஒரு சீன இளைஞர் இடக் கையால் பணம் நீட்டினால் அவர் நம்மை அவமதித்தார் என்று எண்ணக் கூடாது. அவர் வீட்டில் அந்தக் கணக்கே இல்லை. பிறர் மனத்தை நோகச் செய்யாதிருப்பது பாடத்தின் ஒரு பாதி. காரணமில்லாமல் நம் மனம் நோகாதிருப்பது மறுபாதி.

மலாய்க்காரர் ஒரு பொருளையோ ஆளையோ காட்டும்போது சுட்டுவிரலை நீட்ட மாட்டார்கள். விரல்களை மடக்கிப் பெருவிரலால் காட்டுவார்கள். நாமும் அவ்வாறே காட்டிப் பழகலாம். இதற்குச் செலவில்லை.

மலாய்ப் பெண்களுக்கு மீதிச் சில்லறை கொடுக்கும்போது கை படாமல் இருக்க வேண்டும். மலாய்க்காரர் ஷாஃபி மத்ஹபினர். அந்நிய ஆணின் கை பட்டால் ஒளு முறியும் என்பது அவர்கள் சட்டம். ஆகவே சிறு தட்டில் வைத்துக் கொடுப்பது நல்லது. ஆனால் எல்லாருக்கும் தட்டிலேயே வைத்துத் தள்ளிவிடக் கூடாது. கையில் கொடுத்துப் பழகிய ஒரு சீனக் கிழவருக்குத் திடீரென்று தட்டை நீட்டினால், "என்னைத் தொடக் கூசுகிறானோ?" என்று அவர் எண்ணக்கூடும். ஒருவருக்கு மரியாதையாக இருப்பது இன்னொருவருக்கு விலக்கி வைப்பதாகத் தோன்றலாம்.

சரக்கு மூட்டையையும் பத்திரிகைக் கட்டையும் காலால் தள்ளும் வழக்கம் நமது பையன்களிடம் உண்டு. மலாய்க்காரரும் இந்துக்களும் இதைக் காணச் சகியார். குழந்தையின் தலையைத் தடவி அன்பு காட்டுவது நமது வழக்கம். தாய்லாந்து, பர்மா நாட்டுப் பௌத்தர்கள் தலையைப் பிறர் தொடுவதை விரும்புவதில்லை. பினாங்கில் அவர்களும் நம் வாடிக்கைக்காரர்கள் அல்லவா?

தலை என்றதும் நமது தலையாட்டலும் நினைவுக்கு வருகிறது. ஆம் என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோம். மற்றவர்களுக்கு அது இல்லை என்று தெரியும். "சரக்கு இருக்கிறதா?" என்று கேட்டவருக்கு நமது பையன் இப்படி ஆட்டினால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். வாயைத் திறந்து "அடா" என்று சொல்லும்படி கற்பிப்போம்.

நிறமும் எண்ணும் பரிசும்

வெள்ளை நமக்கு ஜும்ஆ நாளின் நிறம். சீனர் வீட்டில் அது துக்கத்தின் நிறம். நல்ல காரியத்துக்குச் சிவப்பு உறை, துக்கத்துக்கு வெள்ளை உறை என்பது அவர்கள் வழக்கம். நமது கடையில் வேலை செய்யும் சீனருக்குப் புத்தாண்டுப் போனஸை வெள்ளை உறையில் வைத்துக் கொடுப்பவர் நல்ல எண்ணத்தோடுதான் கொடுக்கிறார். வாங்குகிறவருக்கோ கை கூசும். சிவப்பு உறையின் விலை சில காசுதான்.

எண்ணிலும் கவனம் தேவை. கலியாண மொய்க்கு 51, 101 என்று ஒன்று கூட்டி வைப்பது தமிழர் வழக்கம். சீனர் நல்ல காரியத்துக்கு இரட்டைப்படைத் தொகையே வைப்பார்கள். ஒற்றைப்படை துக்க வீட்டுக்கு உரியது. ஆகவே தவுக்கே மகன் கலியாணத்தில் நாம் தாராளமாக 101 வெள்ளி வைத்தால், அந்தக் கடைசி ஒரு வெள்ளியே காரியத்தைக் கெடுத்துவிடும். இரட்டைப்படையிலும் நான்கை விலக்க வேண்டும். அவர்கள் மொழியில் நான்கு என்ற ஒலி சாவு என்ற சொல்லை ஒத்திருக்கிறது. எட்டு என்ற ஒலி செழிப்பு என்பதை ஒத்ததால் அதை விரும்புகிறார்கள்.

கடைப் பெயர் அச்சிட்ட சுவர்க் கடிகாரத்தை வாடிக்கைக்காரருக்குப் பரிசாகத் தரும் வியாபாரிகள் நம்மில் உண்டு. சீனருக்குக் கடிகாரம் பரிசாகாது. கடிகாரம் கொடுப்பது என்று சீன மொழியில் சொன்னால் இறுதிக் காரியம் செய்வது என்பது போல் ஒலிக்கும். கத்தி, கத்தரிக்கோல் கொடுத்தால் உறவை வெட்டுவதாக எண்ணுவார்கள். நாள்காட்டியோ பழக்கூடையோ கொடுக்கலாம்.

உணவு

நாசி கண்டார் கடைக்காரர்கள் இதைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். பல குழம்புகளையும் கலந்து ஊற்றுவதுதான் நாசி கண்டாரின் சுவை. பையனுடைய கை பழக்கத்தில் மாட்டுக்கறிக் குழம்பையும் சேர்த்து ஊற்றிவிடும். இந்துக்கள் மாட்டிறைச்சி உண்ணார் என்பது நமக்குத் தெரியும். குவான் யின் தேவியை வணங்கும் சீனர் பலரும் மாட்டிறைச்சியை விலக்கியவர்கள் என்பதை அறிந்தவர் நம்மில் சிலரே. ஆகவே ஊற்றுமுன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மாட்டுக்கறிச் சட்டிக்குத் தனிக் கரண்டி வேண்டும். கேட்காமல் ஊற்றியபின் "மேலே உள்ளதை எடுத்துவிடுகிறேன்" என்பது பதிலாகாது. நமது தட்டில் ஆகாத ஒன்றைப் போட்டுவிட்டு அப்படிச் சொன்னால் நாம் உண்போமா?

சைவம் என்பதிலும் வகையுண்டு. பௌத்தச் சீனர் பலர் தங்கள் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் உண்பார்கள். அவர்களில் கண்டிப்பானவர்கள் வெங்காயமும் பூண்டும் தொடார். "சைவம்தான்" என்று வெங்காயம் தாளித்த பருப்புக் குழம்பை ஊற்றினால் அவருக்கு அது ஆகாது.

சீக்கியரில் அமிர்தம் ஏற்றவர்கள் ஹலால் முறையில் அறுத்த இறைச்சியை உண்ண மாட்டார்கள். அது அவர்கள் மார்க்கக் கட்டளை. புகையிலையும் அவர்களுக்கு விலக்கு. ஆகவே நமது கடையில் அமர்ந்து தேநீர் மட்டும் குடித்துவிட்டு இறைச்சியை வேண்டாம் என்றால் அதில் வெறுப்பொன்றும் இல்லை. ஹலால் அல்லாத இடத்தில் நாம் தேநீரோடு நிறுத்திக்கொள்வதும் இதுவும் ஒன்றே. அவருடைய எல்லையை நாம் மதித்தால், நமது எல்லையை அவர் மதிப்பது எளிதாகும்.

நாளும் மாதமும்

நமது மாதங்கள் பிறையைப் பின்பற்றுவதால் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே வருகின்றன. சீனர் ஆண்டு சந்திரனையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடுவதால் அவர்கள் புத்தாண்டு ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுப்பகுதிக்கும் உள்ளாகவே பெரும்பாலும் அமையும். இதனால்தான் 1996 முதல் 1998 வரை நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும் அடுத்தடுத்து வந்தன. 2004 முதல் 2006 வரை பெருநாளும் தீபாவளியும் சேர்ந்து வந்தன. சுமார் 33 ஆண்டுக்கு ஒரு முறை இச்சுற்று திரும்பும். சரக்குப் பிடிக்கும் வியாபாரி இதைத் தெரிந்துகொண்டால் லாபமுண்டு.

லாபம் மட்டுமன்று. சீனர் புத்தாண்டுக்கு முன்னால் கடன்களைத் தீர்த்துவிட விரும்புவார்கள். ஆகவே பாக்கி கேட்க வேண்டிய காலம் அதற்கு முன்தான். புத்தாண்டு நாளில் பாக்கிச் சிட்டையோடு வாசலில் போய் நிற்பது அவர்கள் ஆண்டையே கெடுப்பதற்குச் சமானம். சீனரின் ஏழாம் மாதம் இறந்தோர் ஆவிகளுக்கு உரியது என்று எண்ணப்படுகிறது. அம்மாதத்தில் புதுக் கடை திறப்பதையும், வீடு மாறுவதையும், கலியாணத்தையும் பலர் தவிர்ப்பார்கள். கட்டடத்தின் சீனச் சொந்தக்காரர் புது ஒப்பந்தத்தை ஒரு மாதம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்றால் அவர் ஏமாற்றுகிறார் என்று அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. தமிழ் இந்துக்களில் பலர் வெள்ளிக்கிழமை கையிலிருந்து பணம் கொடுக்கத் தயங்குவார்கள். அன்று பாக்கி கேட்காமல் வியாழக்கிழமை கேட்டால் வேலை முடிந்தது.

நாமும் நமது நாளைப் பிறருக்கு அறிவிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை அடைக்கும்போது கதவில் ஒரு பூட்டு மட்டும் தொங்கினால் வந்தவர் என்ன நினைப்பார்? எத்தனை மணிக்குத் திறப்போம் என்று மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் எழுதி மாட்டினால் அவர் காத்திருப்பார்.

பாதி அறிவின் ஆபத்து

இவ்வளவும் வாசித்தபின், "இனி எல்லாம் தெரியும்" என்று எண்ணினால் இப்பாடம் நன்மைக்குப் பதில் தீமை செய்யும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நமது பழமொழி.

சீனருக்கு வெள்ளை துக்கம் என்று சொன்னோம். ஆனால் சீனரின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசத் தெய்வங்களின் விழா நடக்கும்போது பினாங்கில் பக்தர்கள் வெள்ளை உடுத்திச் சைவம் உண்பார்கள். அவர்களைக் கண்டு "வீட்டில் துக்கமா?" என்று கேட்கலாமா? சீன முகத்தோடு வருகிறவர் முஸ்லிமாக இருக்கலாம். அவரிடம் பன்றி இறைச்சியைப் பற்றி வேடிக்கை பேசினால் எவ்வளவு நோவார்! தமிழ்ப் பெயர் வைத்தவர் கிறிஸ்தவராக இருக்கலாம். இப்போது கைப்பேசியில் ஒரே தட்டலில் எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்து அனுப்புகிறோம். அதில் எத்தனை பேர் தீபாவளி கொண்டாடுகிறவர் என்று பார்த்தோமா? பைசாகி நாளில் சீக்கிய நண்பரை நினைத்தோமா? எல்லாச் சீன நாளும் வாழ்த்துக்குரியதும் அன்று. ஏப்ரல் தொடக்கத்தில் வரும் செங் பெங் முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்யும் நாள். இளைஞர் பலர் நான்கு, எட்டு, கடிகாரம் எதையும் பொருட்படுத்துவதில்லை என்பதும் உண்மை.

ஆகவே வழக்கத்தை அறிவது முதற்படி. அந்த மனிதரைக் கேட்டு அறிவது அடுத்த படி. முதற்படி இல்லாவிட்டால் எதைக் கேட்பது என்றே தெரியாது. அடுத்த படி இல்லாவிட்டால் அவரையும் நாம் ஒரு மூட்டைக்குள் போட்டுக் கட்டியவர்கள் ஆவோம். கேட்பதற்கு மலாயில் ஒரே சொல் போதும்: "போலே?" இப்படிச் செய்யலாமா என்று பொருள். கேட்பவனை யாரும் இழிவாக எண்ணுவதில்லை. எல்லாம் தெரிந்தவன் போல் நடப்பவனைத்தான் மனிதர்கள் வெறுக்கிறார்கள். ஆனால் கேட்பதற்கும் ஒரு அதபு உண்டு. கூட்டத்துக்கு முன்னால் கேட்கக் கூடாது. கேலிச் சிரிப்போடு கேட்கக் கூடாது. பதிலைக் கேட்டபின் அவரோடு தர்க்கம் செய்யக் கூடாது. கல்லாப்பெட்டி வாதமேடை அன்று.

மரியாதையும் எல்லையும்

பிறர் வழக்கத்தை இவ்வளவு தெரிந்துகொண்டால் நமது மார்க்கப் பிடிப்புத் தளர்ந்துவிடாதா என்று சில பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். அக்கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. மரியாதை வேறு, வழிபாடு வேறு. தவுக்கேயின் துக்கத்துக்குப் போய் ஆறுதல் சொல்லலாம், அங்கே சாம்பிராணிக் குச்சி ஏற்ற வேண்டியதில்லை. அதை வாங்க மறுக்கும்போது, "எங்கள் மார்க்கத்தில் இல்லை, மன்னியுங்கள்" என்று தாழ்ந்த குரலில் சொன்னால் யாரும் வருந்தார். எது வரை போகலாம் என்பதில் ஐயம் வந்தால் ஆலிம்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மக்கள் பல கூட்டத்தாராக இருப்பதை நமது வேதம் ஒருவரையொருவர் அறிவதோடு சேர்த்தே பேசுகிறது. ஹுஜுராத் அத்தியாயத்தை ஆலிம்கள் விளக்கக் கேட்டவர்களுக்கு இது புதிதன்று.

ஒரு வாடிக்கைக்காரர் பையில் பன்றி இறைச்சியோடு கடைக்குள் வந்துவிட்டால் முகத்தைச் சுளித்துக் கத்துவதால் பயனில்லை. பையை வெளியே ஓரிடத்தில் வைக்க இடம் காட்டி, பணிவாகக் கேட்டுக்கொண்டால் அவரே அடுத்த முறை கவனமாக வருவார். நமது எல்லையை நாம் கோபமில்லாமல் சொல்லிக்கொடுப்பதும் இப்பாடத்தின் ஒரு பகுதிதான்.

வேலைக்கு வந்த வெளிநாட்டார்

கடைசியாக ஒன்று. வங்காள தேசத்தார், நேபாளியர், இந்தோனேசியர், பர்மியர் பலர் இன்று நமது கடைகளுக்கு வருகிறார்கள். அரைக் கிலோ அரிசி, இரண்டு முட்டை, ஒரு கைப்பேசி அட்டை என்று சிறு வியாபாரம் செய்கிறவர்கள். தவுக்கேயிடம் காட்டும் மரியாதையை இவர்களிடமும் காட்டுகிறோமா? "ஏய்" என்று அழைப்பதும், பணத்தை வாங்குமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதும், பிறரை முந்தவிட்டு இவர்களைக் காக்க வைப்பதும் நமது கடைத்தெருவில் நாம் காணாத காட்சிகள் அல்ல. நமது பாட்டன்மார் இந்நாட்டில் கரையிறங்கியபோது இப்படித்தான் நின்றார்கள்: மொழி தெரியாமல், கையில் கொஞ்சப் பணத்தோடு, யாராவது பெயர் சொல்லி அழைக்க மாட்டார்களா என்று. பெரிய வாடிக்கைக்காரரிடம் மட்டும் காட்டும் மரியாதை வியாபாரத் தந்திரம். சிறியவரிடமும் காட்டினால்தான் அது பண்பு.

கடையில் செய்ய வேண்டியவை

முதலாவது: புதுப் பையனை முதல் வாரம் கல்லாவில் நிறுத்தாமல், அனுபவமுள்ள சிப்பந்தியின் பக்கத்தில் நிறுத்துங்கள்.

இரண்டாவது: பத்து மலாய்ச் சொற்களை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். நன்றி, மன்னிப்பு, இருக்கிறது, இல்லை, செய்யலாமா என்பவை அதில் இருக்கட்டும்.

மூன்றாவது: எல்லா இனத்தாரின் பெருநாட்களும் குறித்த நாள்காட்டி ஒன்றைக் கல்லா அருகே மாட்டுங்கள்.

நான்காவது: சிவப்பு உறை, பச்சை உறை, வெள்ளை உறை மூன்றும் மேசையில் இருக்கட்டும். பச்சை உறை நமது பெருநாளுக்கு மலாய்க்காரரும் நாமும் கொடுப்பது.

ஐந்தாவது: வாடிக்கைக்காரரின் பெயரைச் சரியாகக் கேட்டுச் சிட்டையில் எழுதுங்கள். மொட்டையன், குண்டன், வங்காளி என்று அடையாளப் பெயர் எழுதும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தச் சிட்டை ஒருநாள் அவர் கண்ணில் படும்.

பெரிய பேரங்காடிகளில் விலை நம்மைவிடக் குறைவாக இருக்கலாம். குளிர்சாதனமும் உண்டு. அங்கே வாடிக்கைக்காரரைப் பெயர் சொல்லி அழைப்பார் இல்லை. அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று அறிவாரும் இல்லை. அது நமது கையில் மிஞ்சியிருக்கும் முதல். அதைச் செலவழிக்கச் செலவழிக்கப் பெருகும். முடக்கி வைத்தால் அழியும். இப்பக்கத்தைக் கடைச் சிப்பந்திகளுக்கும் ஒரு முறை வாசித்துக் காட்டும்படி சகோதரர்களை வேண்டுகிறோம். வாசித்தபின் அவர்களிடமும் கேளுங்கள். வாடிக்கைக்காரரைப் பற்றி நமக்குத் தெரியாத ஒன்றை அவர்கள் கவனித்து வைத்திருப்பார்கள்.